தட்டிப் பார்த்து அடை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவோரம் நிற்பவர்களும் உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது, நெருங்கிக்கொள்ளலாம். இன்றைக்கு உங்களுக்கு ஒரு தண்ணீர்க் கதை சொல்லப்போகிறேன். தண்ணீர் என்றதும் ஆறு, ஓடம் என்று மனசை அலையவிடாதீர்கள். இது மண்ணுக்கடியில் இரும்புக் குழாயில் ஓடுகிற தண்ணீர். அதோடு ரத்தமும் ஓடும். முன்னாலேயே சொல்லிவிட்டேன். பயந்த மனசுக்காரர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசிவரை நான் கூடவே வருவேன்.

ஒரு ஊர். அதற்கு ஒரு நகராட்சி. ஒரு காலத்தில் அந்த நகராட்சிக்குக் கையும் பெரிசு, மனசும் பெரிசு. வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் நடத்தியது. பிரசவ வார்டு நடத்தியது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு ரத்தத்தைக் கழுவி உடம்புக்குள் திருப்பி விடுகிற மெஷின்களை வாங்கி, ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு அறையில் வைத்தது. ஊரில் அதற்கு 'மெஷின் ரூம்' என்றுதான் பெயர். ஏழைகளுக்கு அங்கே காசு கிடையாது.

அப்புறம் தேர்தலுக்குத் தேர்தல், நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள்: "வரியை ஏத்த மாட்டோம்!" ஊர் கை தட்டியது. வரி ஏறவில்லை. இருக்கிற வரியையும் பெரிய இடத்துக்காரர்கள் கட்டாமல் விட்டார்கள். கேட்கப் போனவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினார்கள், அடுத்த முறை கேட்கப் போனால் காபியும் இல்லை. முதலில் பூங்காவில் விளக்கு அணைந்தது. பிறகு காப்பகம் அரைநாள் ஆனது. ஆஸ்பத்திரி மாடியில் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது, ஒருவரும் பூசவில்லை. மெஷின் ரூமில் ஒரு நர்ஸ் ஓய்வு பெற்றாள், அவள் இடத்துக்கு ஆள் வரவில்லை. யாரும் கத்தவில்லை. போனது ஒவ்வொன்றும் வேறு யாருடையதாகவோ இருந்ததே!

இப்போது நம்ம ஆளுக்கு வருகிறேன். நகராட்சியில் தண்ணீர் லைன்காரன். ஊரே அவனைச் 'சாவி' என்றுதான் கூப்பிடும். ஏனென்றால் எந்நேரமும் அவன் தோளில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி இருக்கும். மேலே குறுக்குக் கைப்பிடி, கீழே சதுரக் குழி. சாலையில் இரும்பு மூடியைத் தூக்கி, அந்தச் சாவியைப் பள்ளத்துக்குள் விட்டு, வால்வின் தலையில் மாட்டித் திருகினால் ஒரு தெருவுக்கே தண்ணீர் நிற்கும், திரும்ப வரும்.

அவன் அப்பாவும் லைன்காரர்தான். அவர் காலத்தில் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல் ஒரு வால்வை அடைத்துவிட்டார்கள். பொதுக் குளியலறையில் கொதிகலன் வறண்டு வெடித்தது. வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தவனின் முகம் உரிந்து கழன்றது. அன்றிலிருந்து அந்த ஊர் லைன்காரர்களுக்கு ஒரு பழக்கம். அடைப்பதற்கு முன்னால் சாவியால் குழாயைத் தட்டுவார்கள். தட்டிவிட்டுச் சாவியின் கைப்பிடியில் காதை வைப்பார்கள். இரும்பு சத்தத்தை நன்றாகக் கடத்தும். அந்தக் கோடியில் யாருக்காவது தண்ணீர் அவசரமாக வேண்டும் என்றால், கையில் கிடைத்ததை எடுத்துக் குழாயில் திருப்பித் தட்டுவார்கள். தட்டு வந்தால் அடைக்கக் கூடாது. வராவிட்டால் அடைக்கலாம். இவ்வளவுதான். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

சாவிக்கு ஒரு அக்கா. சின்ன வயதில் அப்பா தெருமுனையில் தட்டினால் போதும், வேண்டுமென்றே வீட்டுக் குழாயில் கரண்டியால் 'டக்கடக், டக்கடக்' என்று திருப்பித் தட்டுவாள். அப்பா வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து பார்ப்பார். ஒன்றும் இருக்காது. இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அடியும் வாங்குவாள், மறுநாள் மறுபடி தட்டுவாள். அப்படிப்பட்ட பெண். வளர்ந்து காய்கறி வியாபாரம் பார்த்தாள். நாக்கும் அந்தத் தொழிலுக்கு ஏற்ற நாக்கு. அம்மா போன பிறகு தம்பியை அவள்தான் வளர்த்தாள். இப்போது அவளுக்குத்தான் சிறுநீரகம் போய், வாரத்தில் பாதி நாள் மெஷின் ரூமில் படுக்கை.

அன்றைக்குச் சாவி அவளைப் பார்க்கப் போனபோது கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. உள்ளே வந்து கட்டிலோரம் நின்றான்.

"என்னடா, மூஞ்சி தொங்குது? படுத்திருக்கறது நானா நீயா?"

"கதவுல ஒட்டியிருக்கறத நீ பார்க்கலையா, அக்கா?"

"என் ரத்தம் இந்தக் குழாய்ல ஊர் சுத்தப் போயிருக்கு. அது திரும்பி வர்ற வரைக்கும் நான் எங்கயும் நகர முடியாது. நீயே படிச்சுச் சொல்லு."

பக்கத்துக் கட்டிலில் இருந்த தையல்காரர்தான் சொன்னார். எலும்பும் தோலுமான மனிதர், உடம்பில் ரத்தமே கிடையாது.

"மாசக் கடைசியோட மெஷின் ரூமை மூடறாங்கம்மா. வேணுங்கறவங்க தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கலாமாம். அதாவது, வீட்டுக்குப் போய்ச் சாகலாம்னு எழுதியிருக்காங்க. கீழ போட்ட கையெழுத்து மட்டும் ரொம்ப அழகு."

அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தச் சுவரோரமாகத்தான் மெஷின்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பச்சைக் குழாய் போகிறது. விரலால் அதைத் தொட்டுக்கொண்டே கிடந்தாள்.

சாவி நேராக நகராட்சி ஆபீசுக்குப் போனான். அங்கே கணக்கு அதிகாரி ஒரு பெண்மணி. 'கணக்கம்மா' என்பார்கள். நல்லவள்தான், ஆனால் எல்லாருக்கும் 'இல்லை' சொல்லிச் சொல்லியே முகம் கறுத்துப்போனவள்.

"மேடம், ரூமை மூடினா எங்க அக்கா ஒரு வாரம் தாங்காது."

"தெரியும்பா. அந்த அறிவிப்பை டைப் பண்ணினதே நான்தான். சம்பளம் குடுத்து, தெருவிளக்குக்குக் கட்டி, வங்கிக்கு வட்டி கட்டினா மிச்சம் இந்த மேஜைதான். ஆஸ்பத்திரிக்குத் தனியா குழாய் போடக் கடன் வாங்கினாங்களே, அதுக்கே இன்னும் வட்டி போயிட்டிருக்கு."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. ஐஸ் ஃபேக்டரி. ஊர்ல எல்லா வீடும் சேர்ந்து குடிக்கற அளவுக்கு அது ஒண்ணே குடிக்குது. வருஷக்கணக்கா ஒரு பைசா கட்டல. அவங்க ஒருத்தர் கட்டினாலே மெஷின் ரூம் நடக்கும். லைனைத் துண்டிக்க உத்தரவு போட்டாச்சு. போன ஆளுங்க எல்லாம் திரும்பி வந்து லீவு கேக்கறாங்க."

"ஏன்?"

"ஒருத்தருக்குப் பல்லு போச்சு. இன்னொருத்தருக்குத் தைரியம் போச்சு."

"உத்தரவை எங்கிட்ட குடுங்க, மேடம்."

"வேணாம்பா. போலீஸ் துணைக்கு வரட்டும், கேட்டிருக்கேன்."

"போலீஸ் எப்ப வரும்?"

கணக்கம்மா ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை.

"மாசக் கடைசி வந்துடும், மேடம்" என்றான் சாவி. கையை நீட்டிக்கொண்டே நின்றான். அவள் கொடுத்தாள்.

ஒருநாள் விட்டு, வெயில் உச்சிக்கு ஏறியபோது அவன் ஐஸ் ஃபேக்டரி வாசலில் நின்றான். நாசியை அறுக்கும் அம்மோனியா வாடை. உள்ளே ஆள் நீளத்துக்கு ஐஸ் கட்டிகள் மரச்சரிவில் சறுக்கி வந்து லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. வால்வு கேட்டுக்கு வெளியே, சாலையோரம், இரும்பு மூடிக்கு அடியில். அவன் குனிந்து மூடியைத் தூக்கியதுமே கேட் திறந்தது.

முன்னால் வந்தவனைக் 'கொக்கி' என்பார்கள். முதலாளிக்கு மச்சான், மனைவியின் தம்பி. முன்பு நகராட்சி வேலைகளைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்தவன். இப்போது மாமாவுக்கு எதிராக வருகிறவர்களைக் கவனிப்பதுதான் அவன் தொழில். ஐஸ் கட்டியைக் குத்தி இழுக்கிற கொக்கி எப்போதும் கையில் இருக்கும். அவன் பின்னால் தடியும் சங்கிலியுமாக ஆட்கள்.

"யாருடா அது, குழாயா?"

"நகராட்சி உத்தரவு. லைனைத் துண்டிக்கணும்."

"குடு பார்க்கலாம்." கொக்கி அதை வாங்கி நெற்றி வியர்வையைத் துடைத்தான், கழுத்தையும் துடைத்தான். "நல்ல பேப்பர். என்னமா உறிஞ்சுது பாரு! நாளைக்கும் ஒண்ணு கொண்டா."

"நீங்க கட்டாததாலதான் மெஷின் ரூமை மூடறாங்க. எங்க அக்கா இப்ப அங்கதான் படுத்திருக்கா."

"உங்க அக்காவுக்கு நான் எதுக்குடா கட்டணும்? எனக்கும் அவளுக்கும் என்ன, தொடுப்பா? இருந்தாலும் கேட்டுச் சொல்லு. நல்லா இருந்தா யோசிக்கலாம்."

ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சாவியின் இரும்பு சுழன்றுவிட்டது. முன்னால் நின்ற ஒருவனின் முழங்காலில் பட்டது. காய்ந்த கட்டை உடைகிற சத்தம். அவன் உட்கார்ந்த இடத்திலேயே ஊளையிட்டான். அப்புறம் அடிக்குக் கணக்கு கிடையாது, கண்ணுகளா. தடி முதுகில் விழுந்தது. சங்கிலி காதைக் கிழித்தது. ஒருவன் அவன் வாயில் உதைத்தான், வாய் நிறைய ரத்தமும் மண்ணும். அவன் எழுந்தான். எழுந்த வேகத்தில் ஒருவன் தாடையை இரும்பால் பெயர்த்தான். அப்போதுதான் கொக்கி பின்னால் வந்து, ஐஸ் கட்டியில் போடுவதுபோல அவன் இடது தோளில் கொக்கியை இறக்கினான். இறக்கி இழுத்தான். சதைக்குள் மாட்டிய இரும்போடு அவனைச் சாலையில் தரதரவென்று இழுத்துப் போனான். சாலையில் நின்றவர்கள் பார்த்தார்கள், கடைக்காரர்கள் பாதிக் கதவை இறக்கினார்கள்.

எந்தப் பக்கம் இழுத்தான் தெரியுமா? திறந்திருந்த வால்வுப் பள்ளத்தின் பக்கம். சாவி, கையில் இருந்த இரும்பை ஊன்றி, தோள் சதை கிழிந்து கொக்கி கழலும்படி ஒரு உதறு உதறினான். கழன்றது. பள்ளத்தின் விளிம்பில் விழுந்து, இரும்பை உள்ளே விட்டு வால்வுத் தலையில் மாட்டிவிட்டான். ஆட்கள் பாய்ந்தார்கள்.

"விடுங்கடா," என்றான் கொக்கி. "அடைக்கட்டும்."

ஆட்கள் நின்றார்கள். கொக்கி இடுப்பில் கை வைத்துச் சிரித்தான். "அடைடா குழாய். நல்லா இறுக்கி அடை. உனக்காகத்தான் சொல்றேன்."

அந்தச் சிரிப்பை அவன் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கத்தையும் மறந்தான். தட்டவில்லை. காது வைக்கவில்லை. கண்ணில் ரத்தம், மனசில் அக்காவைப் பற்றிச் சொன்ன சொல். உடம்பின் முழு எடையையும் கைப்பிடியில் போட்டுத் திருகினான். தண்ணீர் நின்றது.

அதே நேரத்தில் ஆஸ்பத்திரியில், மெஷின் ரூமில், எல்லா மெஷின்களும் ஒன்றாகக் கத்தின.

சிவப்பு விளக்கு எரிந்தது. 'தண்ணீர் இல்லை' என்று அந்த மெஷின்கள் கத்துகிற கத்தல் பச்சைக் குழந்தைகள் பசிக்கு அழுவது போலிருக்கும். மாடித் தொட்டி விரிசல், அதனால் தண்ணீர் நேரே குழாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, சேமிப்பு கிடையாது. ஒவ்வொருவருடைய ரத்தத்திலும் ஒரு பங்கு வெளியே குழாயில். வெளியே இருப்பதைச் சீக்கிரம் உள்ளே அனுப்பாவிட்டால் உறைந்துபோகும். அத்தனை கட்டிலுக்கும் இருந்தது ஒரே நர்ஸம்மா. ஒரு கட்டிலிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினாள். அக்காவுடைய ரத்தத்தை உள்ளே அனுப்பினாள். அடுத்ததற்கு ஓடினாள். தையல்காரர் முறை வருவதற்குள் அவர் குழாயில் ரத்தம் கறுத்துக் கட்டியாகிவிட்டது. ஏற்கெனவே ரத்தமில்லாத உடம்பு. அவர் கண்கள் மேலே செருகின.

அக்கா அதைப் பார்த்தாள். சுவரோரம் ஓடும் பச்சைக் குழாயைத் தொட்டாள். தண்ணீர் ஓடுகிற நடுக்கம் அதில் இல்லை. யாரோ வால்வை அடைத்திருக்கிறார்கள். தட்டாமல் அடைத்திருக்கிறார்கள். தலைமாட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். குழாயில் அடித்தாள். டக்கடக், டக்கடக், டக்கடக். பச்சைப் பெயிண்ட் உதிர உதிர அடித்தாள்.

அங்கே சாலையில் சாவி, கைப்பிடியின் மேலேயே கன்னத்தைச் சாய்த்துக் கிடந்தான். அடைத்துவிட்டோம் என்ற நிம்மதி. அப்போது இரும்பு வழியாக அவன் காதில் விழுந்தது: டக்கடக், டக்கடக்.

முதலில் அப்பா ஞாபகம் வந்தது. கரண்டி ஞாபகம் வந்தது. ஐஸ் ஃபேக்டரி லைனில் அக்கா எப்படி வந்தாள்?

வெறி பிடித்தவன்போல எதிர்ப்பக்கம் திருகினான். ஒரு கை வேலை செய்யவில்லை. வயிற்றால் கைப்பிடியைத் தள்ளித் தள்ளித் திறந்தான். தண்ணீர் சீறிக்கொண்டு ஓடியது.

கொக்கி குனிந்து அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். "புரிஞ்சுதா? ஆஸ்பத்திரிக்குப் போற தண்ணி எங்க காம்பவுண்டுக்குள்ள வந்துதான் போகுது. எங்களுக்கு அடைச்சா அவங்களுக்கும் அடைப்பு. உள்ள தனி வால்வும் இருக்கு. வெளிய வாயைத் தொறந்தே, நேரம் பார்த்து நானே அடைப்பேன். உங்கக்கா மெஷின்ல இருக்கற நேரமா பார்த்து." அவன் முகத்தைப் பள்ளத்தின் இரும்பு விளிம்பில் ஒருமுறை மோதிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

சாவி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது தையல்காரர் மேல் துணி போர்த்தியாகிவிட்டது. அவர் மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நர்ஸம்மா சாவியின் தோளைத் தைத்தாள். அக்கா தம்பியையே பார்த்தாள்.

"நீதான் அடைச்சியா?"

அவன் தலையை ஆட்டினான்.

"தட்டாம அடைச்சியாடா?"

அவள் கையை ஓங்கிக் கன்னத்தில் ஒன்று வைத்தாள். ஊசி குத்திய கை அது. கட்டுத்துணி நனைந்து ரத்தம் கசிந்தது. அப்புறம் அதே கையால் அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் நடந்ததையெல்லாம் சொன்னான். தையல்காரர் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, போதும், மூக்கைத் துடை" என்றாள் அக்கா. "குழாய் அங்க உள்ளதான் எங்கயோ பிரியுது. அதைத் தோண்டிக் கண்டுபிடி. அவனுக்குப் போறதை மட்டும் அடை. எது எங்களுதுன்னு எப்படித் தெரியும்னு கேக்காத. நீ அங்க தட்டு. நான் இங்க தட்டறேன்."

"நீ மெஷின்ல இருக்கும்போதா? வேணாம் அக்கா. ஏதாவது ஆச்சுன்னா..."

"மெஷின்ல இல்லாட்டி என்னை உள்ளயே விட மாட்டாங்கடா, மண்டு. நர்ஸம்மா பக்கத்துலயே நிப்பாங்க. கத்த ஆரம்பிச்சா முதல்ல ரத்தத்தை உள்ள தள்ளிடுவாங்க. இல்லையாம்மா?"

நர்ஸம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "தள்ளிடறேன்" என்றாள்.

கணக்கம்மாவிடம் சொன்னபோது அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "தனிக் குழாய் போட்ட காண்ட்ராக்ட் யாருது தெரியுமா? அந்தக் கொக்கியோடது. அப்போ நாங்க இத்தனை வருஷமா வட்டி கட்டிட்டிருக்கறது..."

"இல்லாத குழாய்க்கு, மேடம். போட்டதா காட்டிட்டு, அவங்க லைன்லயே இணைச்சு விட்டுட்டாங்க."

அவள் அலமாரியைப் பூட்டினாள், செருப்பை மாட்டினாள். "இந்தத் தடவை உத்தரவை நான் கையில வச்சிருக்கேன். என் கையிலேர்ந்து வாங்கி வேர்வை துடைக்கட்டும்."

அடுத்த முறை அக்காவை மெஷினில் போட்ட அன்று, பட்டப்பகலில், கூட்டம் கிளம்பியது. கட்டிலில் இருப்பவர்களின் பிள்ளைகள், கணவன்மார், மாமியார்கள். கடப்பாரை, மண்வெட்டி, கையில் அகப்பட்டது. தையல்காரர் மனைவி, துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். கணக்கம்மா உத்தரவை உரக்கப் படித்தாள். படித்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு ஐஸ் கட்டி பறந்து வந்து அவள் நெற்றியைப் பிளந்தது. அவள் உட்கார்ந்தாள். காகிதத்தைக் கீழே விடவில்லை.

அதோடு கேட் சாய்ந்தது.

அங்கே நடந்ததை அங்குலம் அங்குலமாகச் சொன்னால் உங்களுக்கு இன்றைக்குத் தூக்கம் வராது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். கடப்பாரை கையை முறித்தது, கொக்கி தொடையைக் கிழித்தது. ஒருவன் மண்டையை ஐஸ் கட்டியில் மோதினார்கள், வெள்ளைக் கட்டிக்குள் சிவப்பு இறங்கியது. தையல்காரர் மனைவியைப் பிடித்து இழுத்தவன் கை கத்தரிக்கோல் வாய்க்குள் போய்த் திரும்பி வந்தபோது விரல் ஒன்று குறைந்திருந்தது. மாடியில், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், ஐஸ் முதலாளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வரவில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவே சாவியும் இன்னும் சிலரும் மதில் ஓரமாகத் தோண்டினார்கள். அவனுக்கு ஒரு தோள்தான். மற்றவர்கள் தோண்ட, அவன் குழாய் போகிற போக்கைக் காட்டினான். கொக்கியின் ஆட்கள் மண் போட்டு மூடிவைத்திருந்த, குழாய் பிரிகிற இடம் தெரிந்தது. பெரிய குழாய் ஒன்று வந்து இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் ஒரே பருமன், ஒரே துரு. இரண்டிலும் ஒவ்வொரு வால்வு. எது அக்காவுடையது, எது ஐஸுடையது என்று எழுதி வைக்கவா போகிறார்கள்?

அவன் பள்ளத்துக்குள் இறங்கினான். வலது பக்கக் குழாயைத் தட்டினான். கைப்பிடியில் காதை வைத்தான். மேலே அலறல். குழாயில் மௌனம்.

இடது பக்கக் குழாயைத் தட்டினான். காதை வைத்தான்.

டக்கடக், டக்கடக்.

அவன் சிரித்தான். ரத்தமும் சேறுமாக அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து ஒரு சின்னப் பிள்ளைபோலச் சிரித்தான். வலது பக்க வால்வை இறுக்கி அடைத்தான். ஃபேக்டரிக்குள் பம்பு வறட்டு இருமல் இருமிவிட்டு நின்றது.

அந்த இருமல் கொக்கிக்குக் கேட்டது. ஐஸ் உடைக்கிற சம்மட்டியோடு ஓடி வந்தான். பள்ளத்தின் விளிம்பில் நின்று, எந்த வால்வின் தலையில் இரும்பு மாட்டியிருக்கிறது என்று பார்த்தான். "எங்களுக்கில்லாத தண்ணி எவளுக்கும் வேணாம்டா!" என்று கத்திக்கொண்டு, இடது பக்கக் குழாய்க்கு நேரே சம்மட்டியை ஓங்கினான்.

குழாய் பழசு. ஒரு அடி தாங்காது.

சாவி கீழேயிருந்து இரும்பை உருவி மேலே குத்தினான். ஒரு கையால். அது கொக்கியின் கழுத்துக்கும் தாடைக்கும் நடுவே ஏறியது. சம்மட்டி பின்பக்கம் விழுந்தது. கொக்கி முன்பக்கம் விழுந்தான், பள்ளத்துக்குள், சாவியின் மேலேயே. ஏதோ சொல்ல வந்தான், வாயில் ரத்தக் குமிழிதான் வந்தது. அவன் கால் உதைத்துக்கொண்டது, மெதுவாக நின்றது. சாவியின் கைக்கு அடியில் இடது பக்கக் குழாய் நடுங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

சண்டை அப்படியே அடங்கியது. போலீஸ் அப்போதுதான் வந்தது. சாவி ஓடவில்லை. பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, இரும்பை மடியில் வைத்துக்கொண்டு, "மெஷின் முடிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் யாரும் இந்த வால்வைத் தொடாதீங்க, சார்" என்று மட்டும் கேட்டுக்கொண்டான். பிறகு கையை நீட்டினான்.

கொலை கொலைதான், கண்ணுகளா. நான் அதற்குப் பூ வைத்துச் சொல்ல மாட்டேன். கொக்கிக்கும் ஒரு அக்கா இருந்தாள், முதலாளியின் மனைவி. அவள் அந்தப் பள்ளத்தருகே விழுந்து புரண்டதையும் ஊர் பார்த்தது. சாவிக்குச் சிறை. நீண்ட சிறை.

ஃபேக்டரியில் தண்ணீர் இல்லை. ஐஸ் உருகிக் காம்பவுண்டு வாய்க்கால் வழியே இளஞ்சிவப்பாகச் சாலைக்கு ஓடியது. ஐஸ் ஏற்ற வந்த மீன் லாரிகள் வேறு ஊருக்குத் திரும்பின. அப்போது முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். நகராட்சிக் கவுண்டரில் எல்லாரையும்போல வரிசையில் நின்று பாக்கியைக் கட்டினார். நெற்றியில் கட்டுப்போட்ட கணக்கம்மா ரசீது கொடுத்தாள். அந்தப் பணத்தில் முதல் வேலையாக மாடித் தொட்டியைப் பூசினாள், அடுத்ததாக ஒரு நர்ஸை வைத்தாள், பிறகு நிஜமாகவே ஒரு தனிக் குழாய் போட்டாள். மெஷின் ரூம் கதவில் இருந்த அறிவிப்பை அக்காவே நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

அடுத்த தேர்தலும் வந்தது. ஒருவர் மேடையேறி "வரியை ஏத்த மாட்டோம்!" என்றார். கை தட்டல் ஆரம்பித்தது. முன்வரிசையில் தையல்காரர் மனைவி எழுந்து நின்றாள்.

"அப்போ எதை மூடுவீங்க?" என்று கேட்டாள்.

கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மேடையில் இருந்தவர் தண்ணீர் குடித்தார்.

மெஷின் இல்லாத நாட்களில் அக்கா சிறைக்குப் போவாள். கம்பிக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் தம்பி. இடது கை அவனுக்கு இன்னும் மேலே தூக்க வராது.

"சாப்டியாடா?"

"சாப்டேன். நீ?"

"நான் சாப்பிடறது இருக்கட்டும். முடி எல்லாம் நரைச்சுப்போச்சு, என்னைவிடக் கிழவனாட்டம் இருக்க. யாராவது பார்த்தா உன்னை என் அண்ணன்னு சொல்லுவாங்க."

அவன் சிரிப்பான். அப்புறம், ஒவ்வொரு முறையும் கடைசியில், அதையே கேட்பான்.

"தண்ணி ஒழுங்கா வருதா, அக்கா?"

"வருதுடா."

"அடைக்கறதுக்கு முன்னாடி தட்டறாங்களா?"

"தட்டறாங்க. நானும் திருப்பித் தட்டறேன்."

அவ்வளவுதான் கதை, என் செல்வங்களே. பிடித்த கையை விடாதீர்கள், அப்படியே எழுந்து மெதுவாகப் போங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நிற்காமல் வரட்டும். உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால் அவருக்கு ஒரு கட்டிலும், பக்கத்தில் ஓடி வர ஒரு நர்ஸும் இருக்கட்டும். உங்கள் கை எந்நாளும் யார் மேலும் ஓங்க வேண்டி வராமல் போகட்டும். நீங்கள் தட்டும்போது அந்தக் கோடியிலிருந்து உங்களுக்குப் பதில் வரட்டும். உங்கள் குடும்பம் நல்லா இருக்கட்டும்.